பலகையில் இல்லாத வில்லை

உடற்பயிற்சி படிக்கக் கனகசுந்தரம் மதராசுக்குக் கப்பல் ஏறப்போகிறார் என்றதும், மலாயாவின் ஜொகூர் பாருவில் இருந்த யாழ்ப்பாணத்தார் வீடுகளில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அரசாங்கக் கிளார்க்கு வேலை காத்திருந்த காலம், 1927. "துள்ளிக் குதிக்கிறதுக்கும் ஒரு காலேஜோ?" என்று முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டு ரயில்வே கிளார்க்கு விசுவலிங்கம்.

ஓராண்டுப் படிப்பு. உடற்பயிற்சியிலும் முகாம் தலைமையிலும் கனகசுந்தரம்தான் முதல். மனோதத்துவத்தில் தட்டுத்தடுமாறித் தேறினார். ஆனாலும் திரும்பி வந்தபோது அந்தப் பாடத்தின் நோட்டைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்தார். சிறு வயதில் தலையில் விழுந்த பழியைப் பிள்ளை தானாக இறக்கி வைக்காது என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தார்.

ஓர் ஆங்கிலப் பள்ளியில் வேலை கிடைத்தது. அடுத்த வருட விடுமுறையில் இருபத்து நான்கு பையன்களுடன் பாசிர் கூடாங் கடற்கரையில் கூடாரம் அடித்தார். சிரித்த விசுவலிங்கமே தன் ஒரே மகன் அர்ச்சுனனைக் கூட்டிவந்து, "உம்மை நம்பித்தான் விடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடலில் இறங்குகிறவன் தன் எண் போட்ட மரவில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும்; கரையேறியதும் கழற்றிக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் எல்லோரும் கரையில் என்று அர்த்தம். இது கல்லூரியில் கற்றது. கடைசியாகக் கழற்றுகிறவன் சோற்றுச்சட்டி கழுவ வேண்டும் என்பது மட்டும் கனகசுந்தரம் தாமாகச் சேர்த்த விதி. பையன்களைச் சுறுசுறுப்பாக்க நல்ல உபாயம் என்று மனுஷனுக்கு அதில் பெருமை வேறு.

மூன்றாம் நாள் மதியம் பலகை காலியாக இருந்தது. விசில் ஊதிச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு தட்டு மிஞ்சியது. அர்ச்சுனனின் சிநேகிதன் சுப்ஹான் முகம் வெளிறி ஓடிவந்தான்.

"சார், அவன் சட்டி கழுவக் கூடாதுன்னு அவனோட வில்லையையும் நானே எடுத்துட்டேன் சார். அவன் இன்னும் வரல."

சாயங்காலம் பக்கத்து மலாய்க் கிராமத்து மீனவர்கள் அர்ச்சுனனின் உடலைக் கரைசேர்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளியில் விசாரணை; விசுவலிங்கமும் வந்திருந்தார். அர்ச்சுனனின் வில்லையைக் கழற்றியது யார் என்று தலைமையாசிரியர் கேட்டார். உள்ளதைச் சொன்னால் கனகசுந்தரத்தின் வேலை தப்பியிருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சிநேகிதனைக் கொன்றவன் என்ற பெயரோடு வளர வேண்டியிருக்கும்.

"நான்தான் கழற்றினேன்" என்றார்.

சுவரோரம் இருந்த சுப்ஹான் எழுந்துவிட்டான். "இல்ல சார், நான்தான் ரெண்டையும்..."

"நீ உன்னோடத மட்டுந்தான் எடுத்தே. நான் பார்த்தேன். உக்காரு."

பையன் உட்கார்ந்தான். கனகசுந்தரத்தின் வேலை அந்த நிமிஷமே போயிற்று என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. விசுவலிங்கம் மெதுவாக எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"பலகை கிடக்கட்டும். ஒருக்காலாவது பிள்ளையளைத் தலை எண்ணிப் பார்க்கத் தோணேல்லையோ உமக்கு?"

அதுவரை கனகசுந்தரம் சொன்னது பொய். இந்தக் கேள்விக்கு அவருக்குப் பொய் தேவைப்படவில்லை.

"தோணேல்லை, அண்ணை" என்றார்.