மாடி சன்னலில் ஏழு பாட்டில்

கொசுப்புழு தேடும் வேலைக்கு வருவதற்கு முன்னால் மாசாணியம்மாள் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ராசாத்தாளின் தென்னந்தோப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அத்தனை வருடத்திலும் அந்த வீட்டின் பின்வாசலைத் தாண்டியதில்லை. இப்போது ஊராட்சி கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டார்ச்சுடன் வாரம் ஒருமுறை முன்வாசலில் வந்து நிற்கிறார். வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரைப் பார்க்க அரசாங்கம் அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ராசாத்தாள்தான் இன்னும் கொடுக்கவில்லை.

"உள்ள எல்லாஞ் சுத்தமா இருக்குது மாசாணி. வெளிய தொட்டியப் பாத்துட்டுப் போ."

ஊருக்கு நம்பிக்கையெல்லாம் புகையில்தான். பாலுசாமி புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் எல்லோரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். கிட்டே வந்ததும் நாற்றம் தாங்காமல் உள்ளே போய்க் கதவு சன்னலை இறுக்கிச் சாத்திக்கொள்வார்கள். தெருவில் பறந்த கொசு செத்துப்போகும். கட்டிலடியில் இருந்த கொசுவும் தண்ணீரில் நெளிந்த புழுவும் பத்திரமாக இருக்கும். மூன்று நாள் கடி குறையும். ஒரு வாரத்தில் புழுவெல்லாம் கொசுவாகிவிடும். ஊர்க்காரர்கள் மறுபடி பாலுசாமிக்குப் போன் போடுவார்கள்.

அந்தப் புரட்டாசியில் ராசாத்தாள் வீட்டைச் சுற்றி மட்டும் மூன்று தடவை புகை அடித்தாயிற்று.

"மருந்துல தண்ணியக் கலந்துபோட்டானாட்ட இருக்குது," என்றார் ராசாத்தாள்.

"புகைக்குப் புழு சாவாதுங்கம்மணி. ஊட்டுக்குள்ள எங்கியோ தண்ணி நிக்குது. மாடிய ஒருக்கா பாத்துர்றனுங்க," என்றார் மாசாணியம்மாள்.

"மாடில மருமக கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சுட்டிருக்கறா. அங்க ஏது தண்ணி?"

பகலெல்லாம் மாடியில் உட்கார்ந்திருந்த அந்த மருமகள் மானசாவுக்கு அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. டெங்கு என்று பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். விசாரிக்க வந்த சுகாதார ஆய்வாளரை ராசாத்தாள் சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஆய்வாளருக்கு முழங்கால் வலி. "நீங்க மேல போய்ப் பாத்துட்டு வந்துருங்கம்மா," என்று மாசாணியம்மாளை அனுப்பினார். அதிகாரியே சொன்ன பிறகு ராசாத்தாளால் தடுக்க முடியவில்லை.

மாசாணியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். மானசாவின் மேசைக்கு எதிரே சன்னல் திட்டில் ஏழு கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒரு செடித் தண்டு. டார்ச்சை அடித்துப் பார்த்தார். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதென்ன செடிங்கம்மணி?"

பின்னாலேயே ஏறி வந்த ராசாத்தாள் பாட்டில்களை எட்டிப் பார்த்தார்.

"கொசு வராம இருக்கறதுக்குன்னு ஆன்லைன்ல வாங்குனா. இந்த வாசத்துக்குக் கொசு அண்டவே அண்டாதாமா."

மாசாணியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் நினைப்பு வந்ததும் சிரிப்பு தானாகப் போய்விட்டது. பாட்டில்களைக் கீழே கொண்டுபோய்க் காய்ந்த மண்ணில் கவிழ்த்தார். தண்டுகளை வீணாக்காமல் ஒரு தொட்டி மண்ணில் ஊன்றி வைத்தார்.

"இதுல புழு இருந்தத மருமககிட்டச் சொல்லிப்போடாத கண்ணு," என்றார் ராசாத்தாள். மாசாணியம்மாளை அவர் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சில நாளில் அந்த வீட்டில் கொசு அடங்கியது. அது அடங்குவதற்கு முந்தின நாள்தான் பாலுசாமி நாலாவது தடவையாகப் புகை அடித்திருந்தார். ஆகவே நவம்பர் கிராம சபையில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த ராசாத்தாள் மற்றவர்களைவிடப் பலமாகக் கை தட்டினார். இன்னொரு புகை மெஷின் வாங்கத் தீர்மானம் வந்தது. மாசாணியம்மாளும் கையைத் தூக்கினார்.

பக்கத்தில் இருந்த தூய்மைப் பணியாளர் பொற்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்கக்கா, புகையில ஒண்ணுமில்லீன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"அது கெடக்குது கண்ணு. மத்த நாள்ல போனா பாதி ஊடு பூட்டிக் கெடக்குது. மெஷின் சத்தங் கேட்டாத்தான் அத்தன பேரும் ஊட்டுக்குள்ள இருக்கறாங்க. பின்னாலயே போய்க் கதவத் தட்டிக்கலாம்."