கறுப்புக் கவுனும் புதன்கிழமைத் தவணையும்

வக்கீல் சன்னது வாங்கி ஆறு மாதம் ஆகியும் எனக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஐம்பதுகளின் கடைசி அது. கவுனை மாட்டிக்கொண்டு திண்டுக்கல் முன்சீப் கோர்ட் வராந்தாவில் நிற்பேன். பெரிய வக்கீல் யாராவது ஜூனியராகச் சேர்த்துக்கொண்டால்தான் தொழில் பழக முடியும். என்னை யாரும் சேர்க்கவில்லை. “தம்பி யார்கிட்ட ஜூனியர்?” என்று கேட்பவர்களுக்குப் பயந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி நகர்ந்துவிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் தண்ணீர் குடிப்பது?

பேகம்பூரில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் தரகு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். சிபாரிசு செய்ய ஒரு வக்கீலையும் எங்களுக்குத் தெரியாது. நானே ஏழு பேரிடம் போய்க் கேட்டேன். ஒருவர், ஏற்கெனவே மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர், அண்ணன் மகன் வரப்போவதாகச் சொன்னார். மற்றொருவர் அத்தாவின் தொழிலை விசாரித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. அந்த நாட்களில் நான் ஐந்து வேளையும் தொழுதேன். ஆனால் மனம் கசந்துதான் தொழுதேன். ‘யா அல்லாஹ், இம்புட்டுப் படிக்க வைத்தது வராந்தாவில் நிற்கத்தானா?’ என்று கேட்டு அழுதிருக்கிறேன்.

மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. திரும்பத் திறக்கிற சமயத்தில்தான் பெரும்பாலும் ஜூனியர்களைச் சேர்ப்பார்கள். அதுவரை ஒரு கதவும் திறக்காத எனக்கு, அந்த மாதம் இரண்டு கதவுகள் சேர்ந்து திறந்தன. புதுத் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

மதுரையில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு வக்கீல் ஆபீஸ் நடத்தினார்கள். செஷன்ஸ் கேஸ்களுக்குப் பேர்போன இடம். தம்பி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அவருக்கு என்னைப் பிடித்துப்போனது. ஆனால் முடிவு சொல்ல வேண்டிய அண்ணன் கொடைக்கானலில் இருந்தார். கோர்ட் திறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து அவரைப் பார்க்கச் சொன்னார்கள். கொலைக் கேஸில் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. அன்று மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்குள்ளேயே பத்துப் பேரைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டேன்.

இரண்டாவது, எங்கள் ஊர் நடேசன் வக்கீல். வாய்க்கால், வரப்பு, கிணற்றுப் பங்கு, இவைதான் அவருடைய கேஸ்கள். எரியோட்டிலிருந்தும் வடமதுரையிலிருந்தும் விவசாயிகள் தேடி வருவார்கள். யாரோ சொல்லி, என்னை அத்தாவோடு வரச் சொன்னார். போனோம். கோர்ட் திறப்பதற்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வடமதுரைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருப்பதால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்கு முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் எங்கள் அத்தா எழுந்தார். தோள் துண்டை எடுத்து வக்கீலின் கைமேல் போட்டு, அதற்கடியில் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தோல் வியாபாரத்தில் எங்கள் ஆட்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் கைவிட்டு, விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். முடிவில் கையை இறுகப் பிடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் பின்வாங்கக் கூடாது. நாற்பது வருஷப் பழக்கம், வக்கீல் வீடு என்றுகூட அத்தாவுக்குத் தோன்றவில்லை. வருகிற வழியிலேயே அரை வீசை பூந்தி வாங்கித் தோல் மண்டியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். மதுரை விஷயத்தை நான் மெல்ல எடுத்தபோது, “கையப் புடிச்சாச்சுப்பா. இனி என்ன பேச்சு?” என்றார்.

என் அக்கா புருஷன், மச்சான், வேறு வழி சொன்னார். “மாப்ளே, இப்ப இவருகிட்ட சரின்னு சொல்லிப்போடு. செவ்வாக்கெழம மதுரைக்குப் போய்ப் பாரு. அங்க கெடச்சா இவருக்கு ஒரு கார்டு போடு. அம்புட்டுத்தான்.” உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்படிச் செய்து, மதுரையும் தட்டிப்போய், விஷயம் நடேசன் வக்கீலின் காதுக்கும் போனால், திண்டுக்கல்லில் இனி ஒருவரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இவரை விட்டுவிட்டு மதுரையும் இல்லையென்றால், பழையபடி வராந்தா. யோசித்து யோசித்துச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாதான் இஸ்திகாரா தொழச் சொன்னார். மனம் இரண்டாகப் பிரிகிற காரியத்தில், நல்லதைத் தரும்படி இரண்டு ரக்அத் தொழுது கேட்கிற துஆ, அதாவது வேண்டுதல், அது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும், பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் நல்லது, கறுப்போ சிவப்போ தெரிந்தால் வேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நானும் நம்பினேன். பி.எல். படித்தவன், கனவுக்குச் சாட்சிக் கூண்டு போட்டுக் காத்திருந்தேன்.

செவ்வாய் தொழுதேன். கனவே இல்லை. புதன் தொழுதேன். கனவு வந்தது. எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில் என் கறுப்புக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. காலையில் சொன்னதும் அம்மா பதறி, “கறுப்பாப்பா? அப்ப இந்த வக்கீல் வேணாம்” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வக்கீலுக்குக் கறுப்பைத் தவிர வேறென்ன கனவு வரும்? அந்தக் கனவுப்படி பார்த்தால் மதுரையும் கறுப்புதான். வியாழனும் தொழுதேன். கொசுக்கடிதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி இரண்டு ரக்அத் தொழுது அதே துஆவை ஓதினேன். மூன்று நாளும் தூக்கத்தை எதிர்பார்த்து அவசர அவசரமாக ஓதியதை, அன்று ஒவ்வொரு வார்த்தையாக அர்த்தம் நினைத்து ஓதினேன். அதில் கனவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நல்லது என்றால் எனக்கு இலேசாக்கு, கெட்டது என்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பு, எது நல்லதோ அதில் என் மனதைப் பொருந்தச் செய் என்றுதான் இருக்கிறது. ‘என்னை அதைவிட்டும் திருப்பு’ என்ற இடத்தில் அழுதுவிட்டேன். மதுரையைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு அதுவரை மனம் வரவில்லை. அன்று கேட்டேன். எழுந்தபோது நெஞ்சில் பாரம் இல்லை. பேகம்பூரிலிருந்து நேரே நடேசன் வக்கீல் வீட்டுக்கு நடந்தேன்.

அவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதுரையில் எனக்குப் பேட்டி இருக்கிறது, அதைப் பார்க்காமல் உங்களிடம் முழுமனதாகச் சரி சொல்ல முடியவில்லை, புதன்கிழமை வரை தவணை தர முடியுமா, முடியாது என்றால் வடமதுரைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை என்றேன். அத்தாவின் துண்டு விஷயத்தையும் சொன்னேன். யாரிடமும் பேச நடுங்குகிற என் நாக்கு, அன்று தடுமாறவே இல்லை.

அவர் சொன்னார்: “எங்கிட்ட சரின்னு சொல்லிட்டு, ரெண்டே மாசத்துல மதுரைக்குப் போன ஜூனியருங்க மூணு பேரு தம்பி. போறதுக்கு முன்னாடி வந்து சொன்ன ஆளு நீங்கதான். புதன்கிழமை வரைக்கும் மேசை காலியா கெடக்கட்டும். போய்ட்டு வாங்க.”

வீட்டில் சொன்னதும் அத்தாவுக்குக் கோபம். பிடித்த கையை அவிழ்த்துவிட்டேனாம். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தினார். சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், வெஞ்சனக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி அம்மாவிடம்தான் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மதுரை போனேன். அண்ணன் வக்கீல் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். திருப்தியாகிவிட்டது. வேறு எங்காவது கேட்டிருக்கிறீர்களா என்றார். திண்டுக்கல்லில் நாளைக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், நேரில் போய்ச் சொல்லிவிட்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

“அவருக்கு ஒரு கார்டு போட்டாப் போச்சு. உட்கார்றதுன்னா இன்னைக்கே உட்காருங்க. நாளைக்குன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

என் மச்சான் சொன்ன அதே கார்டு! ஆறு மாதமாக ஏங்கிய நாற்காலி எனக்கு எதிரே கிடந்தது. உட்கார்ந்தால் என்னுடையது. என்னவோ, உட்காரத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போது வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் நான் கேட்டது இதுதான். அல்லாஹ் என்னைத் திருப்பிவிட்டான். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திண்டுக்கல்லில் இறங்கி நேரே கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவில் நடேசன் வக்கீல், ஜூனியர் இல்லாததால், கேஸ் கட்டுகளைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

“முழுமனசோடயா?” என்றார்.

“முழுமனசோடதான் ஐயா” என்றேன்.

மறுநாள் அத்தாவை அழைத்து வரச் சொன்னார். அத்தா தலையைக் குனிந்துகொண்டே வந்தார். நடேசன் வக்கீல் எழுந்து வந்து, அத்தாவின் தோளிலிருந்த துண்டைத் தாமே எடுத்தார். இரண்டு பேர் கைமேலும் போட்டு, அடியில் அத்தாவின் கையை இறுகப் பிடித்தார்.

“இப்ப முடிஞ்சுச்சா ராவுத்தரே?”

“இப்பத்தான் முடிஞ்சுச்சு வக்கீலய்யா” என்றார் அத்தா. அதோடு என்னைப் பார்த்து, “நல்லா இருப்பா” என்றார். ஐந்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவரிடம் ஏழு வருஷம் இருந்தேன். இப்போது எனக்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. கிணற்றுப் பங்கு கேஸில் செய்கிற குறுக்கு விசாரணை கொலைக் கேஸுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. என்னிடம் ஜூனியராகச் சேர வருகிறவர்களிடம், வேறெங்காவது பேட்டி பாக்கி இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா என் கவுனைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கனவு நினைவுக்கு வரும், ரப்புக்கு, அந்த இறைவனுக்கு, நன்றி சொல்வேன்.

அருமைச் சகோதரர்களே, சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமைக் கெடு வரலாம். அல்லாஹ்விடம் கேளுங்கள், நிச்சயம் கொடுப்பான். கேட்டுவிட்டுக் கனவுக்காகக் காத்துக் கிடக்காதீர்கள். எழுந்து போய், சொல்ல வேண்டியவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு அந்த வழியில்தான் பதில் வந்தது.