கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எங்க வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வடகரைக்கு வந்து இறங்கிய மறுநாள், காபி டம்ளரோடு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னட்டி இது, காடா?" என்று கேட்டார்.

காடெல்லாம் இல்லை. அஞ்சு சென்ட் காலி மனை. கோரையும் குப்பைமேனியும் நாயுருவியும் நாலு எருக்கும் அவை பாட்டுக்கு நின்றன. நானும் அவற்றின் வழிக்குப் போனதில்லை, அவையும் என் சேலையில் நாயுருவியை ஒட்டவைத்ததைத் தவிர என் வழிக்கு வந்ததில்லை. ஆனால் அவருக்கு இது பொறுக்குமா? அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் தரை செம்மண்ணாக மொட்டையடித்துக் கிடந்தது. அதோடு விட்டாரா? நாலு ஓரமும் செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து, ஒன்று வெள்ளை, ஒன்று காவி என்று மாற்றி மாற்றிப் பூசினார். முகாமில் அப்படித்தானாம். பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஹெலிகாப்டர் இறக்கலாம் போலுக்கே" என்றார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் சாரல் வந்தது. குற்றாலத்தில் விழுகிற சாரல் எங்கள் ஊரிலும் கொஞ்சம் தலைகாட்டாமல் போகாது. மொட்டைத் தரை மூன்றாம் நாள் பச்சை கட்டியது. முதலில் புல், அதன் பின்னாலேயே பார்த்தீனியம். வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாத மாதிரி வந்து நின்றது. பிடுங்கினார். வந்தது. கொத்தினார். இன்னும் செழிப்பாக வந்தது. மருந்து அடித்தார், மற்றதெல்லாம் செத்துப்போய் இது மட்டும் வந்தது. கையெல்லாம் தடித்துச் சொறிந்துகொண்டே தேங்காய் எண்ணெய் தடவுவார். எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருக்கும், ஒரு பக்கம் சிரிப்பும் வரும்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருத்தர் மெட்ராஸில் இருந்து போன் மேல் போன் போட்டார். பெரிய அடுக்குமாடியில் செக்யூரிட்டிகளுக்கு மேலாளாக இருக்க வேண்டுமாம், தங்க இடமும் உண்டாம். இவர் ஒரு நாள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் போயிரலாம்னு பாக்கேன். இங்கன எனக்கு என்ன வேலை இருக்கு? இந்த அஞ்சு சென்ட்டைக்கூட ஒழுங்குல வைக்க முடியல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணம் ஆன நாளில் இருந்து லீவுக்கு மட்டும் வந்த மனுஷன். வந்தாலும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கே சரியாய்ப் போகும். மீதி நாள் டிரங்குப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும்தான். அதற்குள் பிள்ளைகளும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். இப்போதுதான் முழுசாக வீட்டுக்கு வந்திருக்கிறார், அதையும் ஒரு பார்த்தீனியம் பறித்துக்கொண்டு போனால் நான் விட்டுவிடுவேனா?

பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து, மனையின் நடுவில் ரெண்டு முளை அடித்துக் கட்டினேன். "அந்தப் பாதி உங்களுக்கு, இந்தப் பாதி எனக்கு. நீங்க உங்க இஷ்டப்படி கொத்துங்க, வெட்டுங்க. நான் ஒண்ணுமே செய்ய மாட்டேன். எந்தப் பக்கம் இந்தச் சனியன் இல்லாமப் போகுதோ அந்தப் பக்கம் ஜெயிச்சது. நீங்க ஜெயிச்சா மெட்ராசுக்குப் போங்க. நான் ஜெயிச்சா இங்கன கிடக்கணும்."

"ஒண்ணுமே செய்யாம எப்படிட்டி ஜெயிப்ப?"

"பாருங்களேன்" என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மண்ணைக் கீறக் கீறத்தான் அது வருகிறது என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன்.

முதல் சீசனில் என் மானம் போயிற்று. அவர் பக்கமாவது வாரம் ஒரு தடவை மொட்டையாகத் தெரியும். என் பக்கம் இடுப்பளவு பார்த்தீனியம். பக்கத்து வீட்டு மதினி துணி காயப்போட வரும்போதெல்லாம், "என்ன மதினி, அண்ணனுக்குப் பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். "ஒரு சீசனை வச்சு முடிவு சொல்ல முடியாது" என்று சாதித்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் என் பக்கம் தகரைச் செடி முளைத்தது. எங்கிருந்து வந்ததோ, மகராசி! ஒன்றோடு ஒன்று ஒட்டி, கைக்குக்கூட இடம் விடாமல் முளைத்தது. சீசன் நேரத்தில் குற்றாலத்து மெயினருவியில் ஆள் நிற்கிற மாதிரி, பின்னால் வந்தவன் தலையை நீட்டக்கூட வழியில்லை. அடியில் முளைத்த பார்த்தீனியம் வெளிச்சம் கிடைக்காமல் வெளிறி, நூலாகி, ஒடிந்தது. நான் கயிற்றோரம் நின்று கைதட்டினேன். "தை மாசம் தகரை காயும்லா, அப்ப பாப்போம்" என்றார் அவர்.

காய்ந்தது. ஆனால் அதற்குள் ஊடே ஆவாரை தலையெடுத்திருந்தது. மறுவருஷம் ஆவாரை ஆள் உயரம் மஞ்சளாகப் பூத்து நிற்க, என்னைக் காப்பாற்றிய தகரைக்கே அதன் நிழலில் இடமில்லை. ஓரமாக ஒதுங்கிப் போயிற்று. ஆவாரை மேல் கோவைக்கொடி ஏறியது. கோவைப்பழத்துக்குக் கொண்டைக்குருவி வந்தது. எலி வந்தது, எலிக்குப் பின்னால் பாம்பு வரும் என்று இவர் மிரட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கீரி குடும்பத்தோடு வந்து குடியேறியது. கயிற்றுக்கு அந்தப் பக்கமோ அதே மொட்டை, அதே பார்த்தீனியம், அதே சொறி.

இவர் காலைக் காபியைக் கயிற்றோரம் குத்தவைத்துக் குடிக்க ஆரம்பித்தார். கேட்டால், "எதிரி நாட்டை நோட்டம் பாக்கேன்" என்பார்.

குருவி எச்சத்தில் விழுந்ததோ என்னவோ, ஒரு நாள் ஆவாரைக்கு அடியில் நாவல் கன்று ஒன்றைப் பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டினேன். கயிற்றைத் தாண்டாமல் எக்கிப் பார்த்துவிட்டு, "சித்திரை வெயிலுக்கு நிக்காது. வாற சாரலோட பந்தயத்தை முடிச்சிருவோம், மெட்ராஸ்ல மறுபடியும் ஆளைத் தேடுதாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயித்தது நான்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் போக வேண்டும் என்று நினைக்கிறவரைப் பந்தயம் காட்டியா பிடித்து வைக்க முடியும்?

சித்திரையில் கீழப்பாவூரில் என் தங்கச்சி காலை ஒடித்துக்கொண்டாள். ஒத்தாசைக்குப் போன இடத்தில் மாசக்கணக்காயிற்று. மழை ஒரு பொட்டு இல்லை. தினமும் போனில் பேசுவோம். கன்றைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கருகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தது ஒரு காலை நேரம். பையை நடையில் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பட்டாளத்துத் தொண்டை, தெருவுக்கே கேட்கும்.

"இல்லடே, வர முடியாது. இங்கன ஒரு நாவக்கன்னு நிக்கு. தண்ணி ஊத்த ஆளில்லை, பாத்துக்கோ."

ஆவாரையை விலக்கிப் பார்த்தேன். கன்று முழங்கால் உயரம் வந்து, தளதளவென்று நின்றது. அடியில் மண் ஈரம். சுற்றிலும் வட்டமாகச் செங்கல் சாய்த்துப் புதைத்து, ஒன்று வெள்ளை, ஒன்று காவி.

"இது யாரு வேலை?" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எனக்கென்ன தெரியும்? நான் கயித்தைத் தாண்டி வருவேனா?"

"பின்ன, கீரி வந்து சுண்ணாம்பு அடிச்சுதாக்கும்?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கன்றைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒவ்வொரு லீவுக்கும் வந்து பாக்கும்போது நம்ம பிள்ளைக வளந்து நிக்கும். வாங்கிட்டு வந்த சட்டை போட்டுப் பாத்தா பத்தாது. வளருதத ஒரு நாளும் நான் பாத்ததில்லட்டி. இதையாவது பாப்போம்னு…"

முளையைப் பிடுங்கிக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடியவில்லை, கோவைக்கொடி கயிறு முழுக்கச் சுற்றி, அவருடைய மொட்டைப் பாதிக்குள் இறங்கியிருந்தது. அவர் அதை வெட்டவில்லை. "விடு, கிடக்கட்டும்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.