படிவத்தின் நாலாவது வரி

மருத்துவமனைச் சமையலறையில் காலை ஆறரைக்கு பெல்ட் ஓடத் தொடங்கும். அதில் வரும் ஒவ்வொரு ட்ரேயிலும் நோயாளியின் பெயரோடு ஒரு சீட்டு இருக்கும். சீட்டைப் பார்த்து ஒருத்தி பாண் துண்டு வைப்பாள், அடுத்தவள் பால் வைப்பாள். கிளடிஸ் ஜெலி வைப்பவள். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். சீட்டில் உள்ள ஆங்கிலத்தை அவள் வாசிப்பதில்லை, நிறத்தைப் பார்ப்பாள். நீலமென்றால் சீனி இல்லாத ஜெலி. இரண்டு வருடமாக அது போதுமாக இருந்தது.

பெல்ட்டின் கடைசியில் நிற்பவள் இராசமணி. எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து ட்ரேயை வண்டியில் ஏற்றுவது அவள் வேலை. மட்டக்களப்புக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய். ஒருநாள் அவள் ஒரு ட்ரேயிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து அப்பால் வைத்தாள்.

"ஏனக்கா, வாழைப்பழம் நல்லதுதானே?" என்று கிளடிஸ் கேட்டாள்.

"இவருக்குச் சிறுநீரக வருத்தம். வாழைப்பழம் வேணாமெண்டு சீட்டில கிடக்கு. ஏன் வேணாமெண்டு எனக்கும் தெரியா புள்ள. படிச்சுத்தான் பாக்கோணும்."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் கிளடிஸ் நினைத்தாள். அந்த செப்டம்பரிலேயே இராசமணி மாலைநேரக் கொலிஜில் உணவும் போசாக்கும் படிக்கப் பெயர் பதிந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

அதன்பிறகு நாலு வருடம் கிளடிஸ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாண் வந்த பிளாஸ்ரிக் பையில் புத்தகத்தைச் சுற்றிக் கொண்டுவருவாள். தேநீர் இடைவேளையில் கோப்பையைப் புத்தகத்துக்கு எட்டத் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பாள். பஸ் தரிப்பில், பனிக்குள், கையுறையோடு புத்தக ஒற்றை புரட்ட முடியாமல் பல்லால் கையுறையைக் கழற்றுவாள். மற்றப் பெண்கள் "டொக்டரம்மா வாறா, வழி விடுங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். "வருத்தமெண்டால் சொல்லுங்க, ஊசி போடுறன்" என்று அவளும் சிரிப்பாள். கிளடிஸ் மட்டும் சிரிக்கமாட்டாள். கோவிலில் தேர் போகும்போது ஒதுங்கி நிற்பதுபோல ஒதுங்கி நின்று பார்ப்பாள்.

1996 மார்ச்சில் இராசமணிக்கு ஒரு கடிதம் வந்தது. பொன்னிற முத்திரை குத்திய தடித்த உறை. அவள் கணவர் தியாகலிங்கம் அது குடிவரவுத் திணைக்களத்தின் கடிதமாக்கும் என்று பயந்து ஒரு பகல் முழுக்க உடைக்காமல் வைத்திருந்தார். உடைத்தால் வேறு கதை. பகலில் உழைத்துப் பின்னேரத்தில் படிக்கும் வளர்ந்தவர்களுக்கென்று கொலிஜில் ஒரு ஒனர் சொசைற்றி இருக்கிறது. மிக உயர்ந்த புள்ளி எடுத்தவர்களை மட்டும் அதில் சேர்ப்பார்கள். மே மாதம் மண்டபத்தில் விழா. குடும்பத்தோடு வரலாம்.

தியாகலிங்கம் அந்தக் கடிதத்தை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்தார். அன்று கோவிலில் கண்டவர் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டினார். திரும்பும் வழியில் தனக்கு ஒரு கோட்டும் வாங்கினார்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. முதல் மூன்று வரிகள் பெயர், விலாசம், மாணவர் இலக்கம். நாலாவது வரி ஒரு வாக்குமூலம். 'இந்தக் கல்வியாண்டில் என் வேலையை நானே செய்தேன். பிறர் தம்முடையதென்று கொடுப்பதற்காக என் வேலையை எவருக்கும் தந்ததில்லை.' அதற்குக் கீழே கையெழுத்து.

இராசமணி அந்த வரியில் நின்றுவிட்டாள்.

விஷயம் இதுதான். அவளுடைய வகுப்பில் ஜெயரட்ணம் என்று ஒருவர் படித்தார். ஊரில் தபாலதிபராக இருந்த மனிதர். போன ஒக்டோபரில், போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அவருடைய தமையன் வழியிலேயே இறந்துபோனார். செய்தி வந்தபின் இரண்டு கிழமையாக அவருக்குப் பேனை பிடிக்க வரவில்லை. நீரிழிவுக்காரருக்கு ஒரு வாரச் சாப்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டிய நேரம் அது. "தங்கச்சி, உங்கட எழுத்தை ஒருக்காத் தாங்கோ, பாத்திட்டுத் தாறன்" என்று கேட்டார். கொடுத்தாள். அவர் அப்படியே பார்த்து எழுதிவிட்டார். புதன்கிழமைச் சொதியைக்கூட மாற்றவில்லை. இரண்டு தாளையும் வேறு வேறு ஆட்கள் திருத்தியதால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"உலகத்தில ஆர் உதெல்லாம் வாசிக்கிறது?" என்றார் தியாகலிங்கம். "கையெழுத்துப் போடுற இடத்தில போட்டிட்டு விடன்."

"நான் வாசிச்சுப்போட்டனே" என்றாள் இராசமணி.

நடந்ததை எழுதிக் கொடுக்கப்போவதாக ஜெயரட்ணத்துக்கும் சொல்லாமல் விடவில்லை. அவர் அன்றே மருத்துவமனை வாசலில் வந்து காத்துநின்றார். வேலை முடிந்து இராசமணி வந்தபோது கிளடிஸ் பக்கத்திலேயே நின்றாள்.

"தங்கச்சி, எங்கட ஆக்களுக்குள்ள கொப்பி குடுக்காட்டித்தான் குறை சொல்லுவினம். குடுத்ததுக்கு ஆர் வழக்கு வைக்கிறது?"

"அது சரி அண்ணை. நான் குடுத்தது பிழையெண்டு இப்பவும் நினைக்கல்ல. குடுக்கல்லையெண்டு எழுதினாத்தான் பிழை."

அவர் முகம் கறுத்தது. "என்ர படிப்புப் போயிடும்."

"உங்கட பேர் என்ர வாயில வராது. பயப்படாம வீட்ட போங்க."

கொலிஜுக்குக் காரில் கூட்டிப்போக தியாகலிங்கம் மறுத்துவிட்டார். கிளடிஸ்தான் பஸ்ஸில் கூடப் போனாள். இரண்டு பஸ் மாறவேண்டும். வழியில் இராசமணி ஒரு தாளை எடுத்துத் தமிழில் சொல்லிக் காட்டினாள். 'நான் ஒருவருக்கு என் எழுத்தைக் கொடுத்தேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். என்னைப் பற்றி நீங்கள் முடிவு செய்யுங்கள்.'

அந்தச் சங்கத்துக்குப் பொறுப்பானவர் மிஸிஸ் ஹோல்ட் என்ற நரைத்த பெண். தாளை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ கேட்டார். இராசமணி தலையை ஆட்டி இல்லையென்றாள். திரும்பவும் கேட்டார், இம்முறை மெல்ல. "நோ, மிஸ்" என்றாள் இராசமணி. பெயரைத்தான் கேட்கிறார் என்பது கிளடிசுக்கு ஆங்கிலம் இல்லாமலே விளங்கியது. அவள் இராசமணியின் கைகளையே பார்த்தாள். பெல்ட்டில் ஒரு கணமும் ஓயாத கைகள், இப்போது கைப்பையின்மேல் அசையாமல் கிடந்தன. இவ்வளவு பெரிய கட்டடத்தில், இவ்வளவு படித்தவர்களுக்கு முன்னால், ஒருவரும் பிடிக்காத குற்றத்தைத் தானே கொண்டுவந்து மேசையில் வைக்க ஒரு மனுசியால் முடியுமா? கிளடிசுக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அந்தச் சாப்பாட்டுத் திட்டத்துக்குப் பூச்சியம். அதனால் சராசரி எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த வருடம் சேர்க்க இயலாது. மீண்டும் தகுதி பெற்றால் அழைப்பார்கள்.

தியாகலிங்கத்தின் கோட் விலைச்சீட்டோடு அலுமாரிக்குள் போனது. இரண்டு மாதம் அவர் கோவில் பக்கம் தலைகாட்டவில்லை. ஜெயரட்ணம் வகுப்பில் வேறு வரிசைக்கு மாறி இருந்துகொண்டார்.

"கவலையோ அக்கா?" என்று கிளடிஸ் பெல்ட்டில் கேட்டாள்.

"கவலைதான். ரெண்டு நாளாச் சோறு இறங்கல்ல."

"அப்ப ஏனக்கா..."

"ட்ரே வருது, பார் புள்ள."

அன்று வேலை முடிவில் குளிரறையின் வெப்பநிலையை எழுதுவது கிளடிசின் முறை. கதவில் ஒரு தாள் தொங்கும். நாலு பாகைக்கு மேலே போனால் பால் பழுதாகும் என்பதால் ஆர் எழுதினாலும் நாலு என்றுதான் எழுதுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இல்லை. ஆறு வருடமாக அவளும் நாலு போட்டவள்தான். பேனையை எடுத்தாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள். வெப்பமானி ஏழு காட்டியது. வெளியே வந்து, வரிசையாகக் கிடந்த நாலுகளுக்குக் கீழே ஏழு என்று எழுதினாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார், குளிரறையைத் திருத்துபவரைக் கூப்பிட்டார், பாலெல்லாம் கொட்டவேண்டி வந்தது. வீடு போகச் சுணங்கிய பெண்கள் அவளை ஏசினார்கள். தூரத்தில் நின்ற இராசமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பால் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

இராசமணி மேலும் மூன்று பாடம் எடுத்தாள். அடுத்த வருடம் அதே பொன் முத்திரையோடு கடிதம் திரும்ப வந்தது.

மே மாத விழாவில் கிளடிஸ் தியாகலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கோட் போட்டிருந்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்குப் போய், அங்கிருந்த பெரிய புத்தகத்தில் மளமளவென்று கையெழுத்திட்டு இறங்கினார்கள். இராசமணியின் முறை வந்தது. பேனையைக் கையில் எடுத்தவள், குனிந்து, படிவத்தின் நாலாவது வரியாக இருந்து இப்போது பக்கத்தின் மேலே அச்சிட்டிருந்த அதே வாக்குமூலத்தை முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். மண்டபம் காத்திருந்தது.

"போன வருசம் வாசிச்சதுதானே. இன்னும் என்னத்த வாசிக்கிறா?" என்று தியாகலிங்கம் நெளிந்தார்.

"வாசிக்கட்டும் அண்ணை" என்றாள் கிளடிஸ்.

இராசமணியின் விரல் அந்த வரியின் முடிவுக்கு வந்து நின்றது. பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.