பாக்கெட்டின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் திண்டிவனம் தீவனக் கடைக்கு அப்பா என்னைத்தான் அனுப்புவார். மேய்ச்சலில் சத்துப் போதாமல் எங்கள் செம்மறி ஆடுகள் மண்ணை நக்கத் தொடங்கியதால், தாது உப்புக் கலவை கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட பாக்கெட்டில் மாட்டுப் படம் இருந்தது. திருப்பிப் படிக்கப் போனேன்.

"இன்னா தம்பி, பரிட்சைக்கா படிச்சிக்கினு கீற? மாட்டுக்குப் போடறதுதான் ஆட்டுக்கும். ஜல்தி நவுரு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் வாங்கி வந்துவிட்டேன்.

சில வாரங்கள் தினமும் தீவனத்தில் கலந்து வைத்தோம். ஒரு நாள் காலையில் பெரிய கிடா தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கண் மஞ்சள், மூத்திரம் காபி டிகாஷன் நிறம். கால்நடை டாக்டர் வருவதற்குள் செத்துவிட்டது. அவர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். 'செம்மறி ஆடுகளுக்குக் கொடுக்கக் கூடாது' என்று பொடி எழுத்தில் இருந்தது.

"இதுல செம்பு இருக்குதுப்பா. மாடு தாங்கும். செம்மறிக்கு ஈரல்ல சேந்துக்கினே போய் ஆட்டையே கொன்னுடும்" என்றார். அன்றே நிறுத்தி மருந்து கொடுத்ததில் மற்ற ஆடுகள் தப்பின.

பாக்கெட்டோடு கடைக்குப் போய் சண்டை போட்டேன். "நீதான் படிச்சவனாச்சே, பாத்து வாங்கறதுக்கு இன்னா?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இப்போதும் அதே கடைக்குத்தான் போகிறேன். எதை வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பி, கடை முழுக்கக் கேட்கும்படி கடைசி வரி வரை உரக்கப் படிக்கிறேன். அவர் பல்லைக் கடிக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் இப்போது சிரிப்பதில்லை. தங்கள் பாக்கெட்டையும் என்னிடம் நீட்டுகிறார்கள்.