கத்தியை எடுத்துவந்த மறுநாள் வந்த கஞ்சி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலி மற்ற இடங்களைப் போலத்தான். ஆனால் நோய் கண்டவன் வீட்டுக்கு முதலாளி வீட்டிலிருந்து கஞ்சி வரும். நோன்புக் கஞ்சி போலவே எலும்புச் சாறும் வெந்தயமும் பூண்டும் மணக்க, பித்தளைக் குண்டானில், வெள்ளைத் துணி மூடி. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. அந்தத் துணி எங்கள் வீட்டு வரிசைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எந்த வாசலில் நிற்குமோ என்று ஒவ்வொரு வாசலும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கஞ்சியை நம்பியே வேறெங்கும் போகாமல் நரைத்தவர்கள் இருந்தார்கள்.

என் மனைவி முழுகாமல் இருந்த மாதங்கள் அவை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது என்பாள். தின்றதெல்லாம் வாந்தி. வாலாஜாபேட்டை நெல் மண்டியில் அவள் அண்ணன் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். கூலியும் கொஞ்சம் ஜாஸ்தி.

"எம் புள்ள மொத மூச்சுலியே இந்த நாத்தத்த இழுக்கக் கூடாது," என்றாள்.

விடிந்ததும் கிளம்புவதாக முடிவு. யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை, தோலில் சவ்வு சீவும் என் கத்தியைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தேன். சொந்தக் காசில் வாங்கியது, விட்டுப்போக மனமில்லை.

காலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சு நின்றது. எங்கள் வாசலில் முதலாளி வீட்டுச் சமையல்காரம்மா. கையில் வெள்ளைத் துணி மூடிய குண்டான்.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லியே," என்றாள் மனைவி.

"எனக்கின்னாம்மா தெரியும். உன் ஊட்டுக்காரருக்குன்னு குடுத்தாங்க. சூடா குடிக்கச் சொல்லு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்துப்போயிருந்தேன்.

பின்னாலேயே ஷாப் மேஸ்திரி வந்தார். சட்டென்று பாயில் படுத்தேன். மூட்டையை மறைத்து அவள் நின்றுகொண்டாள்.

"காய்ச்சக்காரன் இன்னாடா, கல்யாணத்துக்குப் போறாப்புல வெளுத்த வேட்டி?"

"வேர்த்துக் கொட்டிச்சிண்ணே, மாத்திவுட்டேன்," என்றாள் அவள்.

மேஸ்திரி என் நெற்றியில் கை வைத்தார். சுண்ணாம்பில் வெந்து உணர்ச்சி செத்த கை.

"கொதிக்குது. நேத்து நீ கத்திய எடுத்துனு போறப்பவே நெனச்சேன். தெனம் கஞ்சி வரும். அது வர்ற வரைக்கும் எழுந்திருக்காத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோயில் படுக்கப் போகிறவன்தான் கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போவான், அவன் எழுந்து வரும்வரை அதில் இன்னொரு கை படக் கூடாதென்று. ஷாப்பின் பழக்கம் அது. விட்டுப் போகிறவனுக்கென்று அங்கே ஒரு பழக்கமும் இல்லை. அப்படி யாரும் போனதில்லை போலும்.

அவர் போனபின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நெற்றியா, என் கையா, சொல்ல முடியவில்லை. எழுந்திரு, போலாம் என்று அவள் சொல்வாளென்று காத்திருந்தேன்.

தலையைத் திருப்பினேன். மூட்டைமேல் உட்கார்ந்து, குண்டானை மடியில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, குமட்டுகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தாள். இல்லை. விரலால் உட்புறத்தை வழித்தாள்.

"படுத்துக்க," என்றாள் மெதுவாக. "நீ எழுந்துட்டா நாளைக்கு வராது."

பிள்ளை அந்த அறையில்தான் பிறந்தது.