நாலு பேருக்கு மூன்று கோப்பை

2009ஆம் ஆண்டு என் தங்கையின் கலியாணப் பேச்சு லண்டனில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் தமிழ் ஆட்களின் கடையொன்றில் மேசை பிடிக்கிறேன் என்றுதான் நான் சொன்னேன். மாப்பிள்ளையாக வர இருந்தவன் அவசரமாக மறுத்தான்.

"அங்கை ஒரே சத்தம் அண்ணை. எனக்குத் தெரிஞ்ச தியோச்சியூ கடை ஒண்டு இருக்கு. அப்பாவும் அங்கையெண்டால் வாறன் எண்டவர்."

தியோச்சியூ என்றால் சீனாவில் ஒரு கடற்கரைப் பக்கத்து ஆட்களாம். அது எனக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய அப்பா ஏன் ஈஸ்ட் ஹாமுக்கு வரமாட்டார் என்பது நன்றாகத் தெரிந்தது. எங்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதை அவருடைய சாதிசனம் யாராவது கண்டுவிட்டால்?

பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தங்கையும் அவனும் மூன்று வருடமாக விரும்பியிருந்தவர்கள். தகப்பன் எங்களைச் சந்திக்கச் சம்மதித்ததே அவளுக்குப் பெரிய காரியம். "உங்கட கோபத்தை வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ அண்ணை" என்று புறப்படும்போதே சொன்னாள்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மசாலாச் சாற்றில் அவித்து மெல்லியதாக வெட்டிய வாத்து, உப்பில் ஊறிய புளிப்புப் பழம் போட்டு ஆவியில் அவித்த முழு மீன். எல்லாத் தட்டிலும் தகப்பனின் கரண்டிதான் முதலில் விழுந்தது. லண்டனிலேயே செவன் கிங்ஸ் பக்கம் இரண்டு வீடு வைத்திருப்பவர்.

"ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மகன் எல்லாவற்றையும் எப்போதோ சொல்லியிருந்தான். என் வாயால் சொல்லவைப்பதில் அவருக்கு ஒரு சுகம். எங்கள் சாதி ஆட்கள் மட்டும் இருக்கும் ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். "ஓ" என்றுவிட்டு மீனின் கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்தார்.

பிறகு கடைக்காரம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். அறுபது வயதிருக்கும். கைக்குள் அடங்கும் ஒரு மண் கேத்தல், விளையாட்டுச் சாமான் அளவில் மூன்று கோப்பைகள். கொதிதண்ணீரில் அவற்றைக் கழுவி, சுற்றிச் சுற்றி ஊற்றினார். ஒன்று தகப்பனுக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று தங்கைக்கு. எனக்கு இல்லை. தகப்பன் ஒரே வாயில் குடித்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி, இன்னொண்டு குடிக்கலாம்" என்று கடைக்காரம்மாவுக்கு ஒரு விரலைக் காட்டினார்.

எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் என் அப்பாவுக்கென்று ஒரு தகரப் பேணி வெளியே ஆணியில் தொங்கும். குடித்ததும் அவரே கழுவி மாட்டிவிட்டு வரவேண்டும். இந்த மனுசிக்கும் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"எனக்கு எங்கே கோப்பை? நான் மனுசன் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரம்மா பயந்துபோய் விளக்கினார். எத்தனை பேர் வந்தாலும் அவர்கள் வழக்கத்தில் மூன்று கோப்பைதானாம். மூன்று பேர் குடித்ததும் கழுவி அடுத்தவருக்கு. ஒரே கோப்பையில் குடிப்பவர்கள் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரியாம். சொல்லிக்கொண்டே தகப்பனின் கோப்பையைக் கழுவி ஊற்றி என் கையில் தந்தார். வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குடித்தேன்.

தகப்பன் இன்னொன்று கேட்டது கடைக்காரம்மாவுக்கு நினைவிருந்திருக்கிறது. நான் வைத்த கோப்பையை எல்லோர் கண் முன்னாலும் கொதிதண்ணீரில் கழுவி, ஊற்றி, தகப்பனின் முன்னால் வைத்தார்.

தகப்பன் அதைத் தொடவில்லை. "தம்பி, வேறை கோப்பை ஒண்டு கேள்" என்று மகனிடம் சொன்னார்.

மகன் தலையைக் குனிந்தபடி ஆங்கிலத்தில் கேட்டான். கடைக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. "திரும்பவும் கழுவட்டுமா?" என்று கேட்டார். எத்தனை தரம் கழுவினாலும் இந்த மனுசனுக்குப் போகாது என்று அவருக்கு யார் சொல்வது! அந்தக் கோப்பையை எடுத்துத் தகப்பனின் முகத்தில் ஊற்றியிருப்பேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றக் கையால் கோப்பையை மெதுவாக நகர்த்தி மகனுக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்கள் குடியுங்கோ."

அவன் தகப்பனைப் பார்த்தான். பிறகு அவளுடைய காதருகே குனிந்து சொன்னான். எனக்கும் கேட்டது.

"கொஞ்சம் பொறும். அப்பா காரடிக்குப் போகட்டும், குடிக்கிறன்."

தங்கை என் கையை விட்டாள். எழும்பிக் கோட்டை மாட்டினாள்.

"அப்பா இல்லாத நேரம் பாத்துத்தானே மூண்டு வருசமா என்னோடையும் இருந்தனீங்கள்" என்றாள்.